மழைப் பாட்டில் வந்த புடவை

எங்கள் நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தின் துணைவிதிகளில் தனி ஆர்டர் பற்றிய பிரிவு தெளிவாகவே இருந்தது. வாடிக்கையாளர் கடையில் இல்லாத நிறம் ஒன்றைக் கேட்டால், அந்த நிறத்தில் சாயமிட்ட பட்டு நூல் கொஞ்சத்தை ஓர் அட்டையில் கட்டி, அதன் கீழ் அவர் கையெழுத்தை வாங்க வேண்டும். அதன் பிறகுதான் நெசவாளிக்குப் பட்டு கொடுக்கலாம். வாயால் சொல்லப்பட்ட நிறம் நிறமாகக் கருதப்பட மாட்டாது. அந்தக் கடைசி வாக்கியத்தை எழுதியவர் யாரென்று தெரியாது; மனிதர்களோடு நிறையப் பழகி அலுத்தவராக இருக்க வேண்டும். அதே சங்கத்தில் எழுத்தராகச் சேர்ந்து செயலாளராக ஓய்வு பெற்றவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்த விதியைத் தாண்டிய ஒவ்வொரு முறையும் ஏதாவது ஒரு வீட்டில் கலகம் நடந்திருக்கிறது. ஒரு முறை அது எங்கள் வீடு.

என் தங்கைக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை சென்னையில் ஒரு தொழிற்சாலையில் வேலை. பெண் பார்க்க வந்த அன்று, பெரியவர்கள் எல்லாம் பஜ்ஜியில் கவனமாக இருந்தபோது, அவர் நேராக என் தங்கையைப் பார்த்து அப்போது ஊரெல்லாம் ஓடிக்கொண்டிருந்த ஒரு காதல் படத்தின் பெயரைச் சொன்னார்.

"பார்த்தீங்களா?"

தங்கை தலையாட்டினாள்.

"அந்த மழைப் பாட்டுல கட்டிக்கினு வருவாங்களே, அந்தப் புடவைக் கலர் நல்லா இருந்துதில்ல?"

பெண் பார்க்கும் சடங்கில் பெண் பேசுவதற்கு இடம் கிடையாது. இவள் நிமிர்ந்து, "ரொம்ப நல்லா இருந்துது" என்றாள். அம்மாவுக்கு இருமல் வந்துவிட்டது.

"கூறைப் புடவை அந்தக் கலர்லயே எடுத்துடலாம்" என்றார் மாப்பிள்ளை.

எங்கள் பக்கத்தில் தாலி கட்டும்போது பெண் உடுத்தும் கூறைப் புடவை மாப்பிள்ளை வீட்டார் பொறுப்பு. கல்யாணத்துக்கு முன்னால் அவர்கள் இருவரும் பேசிக்கொண்டது இவ்வளவுதான். அதனால்தான் அந்தப் புடவை அவளுக்கு அவ்வளவு பெரிய விஷயமாயிற்று. அவள் நகையைப் பற்றிக் கேட்கவில்லை, பாத்திரத்தைப் பற்றிக் கேட்கவில்லை. தறி மாட்டியாச்சா என்று மட்டும் தினம் கேட்டாள்.

மாப்பிள்ளையின் அப்பா எங்கள் சங்கத்துக்கே வந்து ஆர்டர் கொடுத்தார். "மழைப் பாட்டுல வருதே, அந்தக் கலர்" என்றார். நான் மாதிரி அட்டையை எடுத்தேன். சங்கத் தலைவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னாபா நீ? ஊரே மூணு தபா பார்த்த படம். அதுக்குப் போய் சாம்பிள் கட்டிக்கினு இருக்கே?"

நிறம் என்று போட்டிருந்த கட்டத்தில் அவரே தம் பேனாவால் 'படத்தில் உள்ளபடி' என்று எழுதினார். நல்ல மனசு அவருக்கு. பெண்ணின் அப்பாவே நெய்யட்டும் என்று ஆர்டரை என் அப்பாவின் தறிக்கே ஒதுக்கினார். தறிகளுக்கு வேலை ஒதுக்க வரிசை முறை என்று ஒன்று இருப்பதையும் நான் எடுத்துச் சொன்னேன். "உன் தங்கச்சி கல்யாணத்துக்கு நீயே அப்ஜெக்‌ஷன் எழுதுவியாபா?" என்று கேட்டார். நான் எழுதவில்லை. வாயால்தான் சொன்னேன்.

படத்தை நாங்கள் ஏற்கெனவே ஓர் அமாவாசையன்று பார்த்திருந்தோம். அமாவாசையன்று எங்கள் ஊரில் தறி ஓடாது. கை சும்மா இருந்தால் கால் நடக்கும் என்பதால், அன்று தெருவே கொட்டகைக்குப் போகும். தகரக் கூரை, நடுவே இடுப்பளவு குட்டைச் சுவர், இந்தப் பக்கம் ஆண்கள், அந்தப் பக்கம் பெண்கள். மாகறல் பக்கத்திலிருந்தும் திருப்புட்குழியிலிருந்தும் விவசாயிகள் வண்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். கலர் படம் அப்போதெல்லாம் எப்போதாவதுதான் ஊருக்கு வரும்.

புது மாதிரியான படம். கதாநாயகன் கிட்டார் வைத்திருப்பான், கதாநாயகி ஸ்கூட்டர் ஓட்டுவாள். வேலை என்ன என்று இருவரும் கடைசி வரை சொல்லவில்லை. கதையும் ஒன்று இருந்தது. பாட்டுகளுக்கு நடுவே மூச்சு வாங்குவதற்காக அதை விட்டிருந்தார்கள். முன் பெஞ்சுகள் ஒவ்வொரு பாட்டுக்கும் காகிதம் கிழித்துப் பறக்கவிட்டன. "இதுங்க ரெண்டும் எப்பம்மா சோறு திங்கும்?" என்று பெண்கள் பக்கத்தில் ஒரு குரல் கேட்டது. நியாயமான சந்தேகம்.

பிறகு மழைப் பாட்டு வந்தது. மலை, பூ, புல்வெளி. கதாநாயகி அகலச் சரிகைக் கரை போட்ட பட்டுப் புடவையில் ஓடி வருகிறாள். மழை கொட்டுகிறது. அவள் ஒதுங்காமல் கையை விரித்துக்கொண்டு நனைகிறாள். மற்ற ஊர்களில் இந்த இடத்தில் விசில் பறந்ததாகக் கேள்வி. எங்கள் கொட்டகையில் இழவு வீடு போல் ஒரு சத்தம் எழுந்தது.

"ஐயையோ, பட்டும்மா அது!"

"சரிகை கறுத்துடும்டி! உள்ள போடி!"

"எவன் நெய்ஞ்சானோ, அவன் வயிறு எரியாது?"

கொட்டகையில் வாயே திறக்காத என் அப்பா, "கடங்காரி" என்றார். கதாநாயகன் கையில் குடை இருந்தது. அதை விரித்து அவளைக் காப்பாற்றுவான் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவன் குடையைத் தூக்கிப் போட்டுவிட்டுத் தானும் நனைந்தான். "இவனுக்கு எப்பிடிப்பா பொண்ணு குடுக்கிறது?" என்று எங்கள் பெஞ்சு ஒருமனதாகத் தீர்மானித்தது. பின்னால் மாகறல்காரர் ஒருவருக்கு வேறு கவலை. "நம்ம ஏரியில பெய்யாத மழை இந்தக் குட்டி தலைமேல பெய்யுது பாரு" என்றார்.

பாட்டு முடிந்ததும் அதே கூட்டம் "ஒன்ஸ்மோர்" என்று தகரம் அதிரக் கத்தியது. திட்டிய பெண்கள்தான் அதிகம் கத்தினார்கள். அடுத்த காட்சியில் அவள் காய்ந்த தலையோடு வேறு உடையில் வந்தாள். அந்தப் புடவை என்ன ஆயிற்று என்று படம் கடைசிவரை சொல்லவில்லை. அதற்கு மேல் கதையை எங்களில் யாரும் கவனித்ததாக நினைவில்லை.

ஆகவே நிறம் பற்றி எங்களுக்குச் சந்தேகமே இல்லை. சங்கத்துக்குச் சாயம் போடும் பெரியவர், "கிளிப்பச்சை. கண்ணை மூடிக்கினு சொல்றேன்" என்றார். அம்மா பச்சை என்றாள், தங்கை பச்சை என்றாள், நானும் பச்சைதான் பார்த்தேன். பச்சையாகவே சாயமாயிற்று. அப்பா பாவு தோய்த்து, நீளவாட்ட நூலெல்லாம் பச்சையாகத் தறியில் ஏற்றினார். குறுக்கே ஓடும் ஊடைக்கும் பச்சை நூலையே தங்கை ராட்டையில் உட்கார்ந்து சிறு குழல்களில் தாராகச் சுற்றிக் கொடுத்தாள். பாட்டை முணுமுணுத்துக்கொண்டே சுற்றினாள். அம்மா கேட்காத மாதிரி இருந்தாள்.

கையகலம் நெய்திருப்பார். மாப்பிள்ளையின் அக்கா சென்னையிலிருந்து பஸ் ஏறி, பழம் பூவோடு வந்து இறங்கினாள். கூறைப் புடவை தறியில் இருப்பதைப் பார்க்க வேண்டுமாம். அம்மா பெருமையாக உள்ளே அழைத்துப் போனாள்.

"இது யாருக்கு அத்தே நெய்யிறீங்க?"

"இன்னாம்மா இப்பிடி கேக்கறே? உன் தம்பி கட்டிக்கப் போற பொண்ணுக்குத்தான்."

"பச்சையா இருக்குது?"

"பச்சைதானேம்மா கேட்டீங்க?"

"யாரு கேட்டாங்க பச்சையை? மழைப் பாட்டுல வர்றது நீலம் அத்தே! இதோ நான் கட்டிக்கினு இருக்கிறனே, இதே நீலம். படத்தைப் பார்த்துட்டு நேரா கடைக்குப் போய் எடுத்தது."

அவள் புடவை நீலம்தான். வெயிலில் பார்த்தாலும் நீலம். சாயக்காரரைக் கூப்பிட்டு அனுப்பினோம். அவர் வந்து அவள் புடவையை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏம்மா, சின்ன வயசுலருந்து சாயத்துல கை வெச்சுக்கினு இருக்கிறவன் நான். எனக்குக் கலர் சொல்லித் தரியா?"

"உங்க கையைப் பார்த்தாலே தெரியுது பெரியவரே. எந்தக் கலருன்னு அதுக்கே இன்னும் முடிவாவல."

அப்பா சிரித்துவிட்டார்; அதைச் சாயக்காரர் அன்று முழுக்க மன்னிக்கவில்லை. சுவரொட்டியைப் பார்க்கலாம் என்று யாரோ சொன்னார்கள். சுவரொட்டியில் புடவை சிவப்பு, கதாநாயகியின் முகம் ரோஜா நிறம், கதாநாயகன் லேசாக ஊதா. அதைச் சாட்சியமாக ஏற்க முடியாது என்று நான் சொன்னேன்.

புதுப் பாவு போட முகூர்த்தத்துக்குள் நாள் இல்லை. அப்பா இதைச் சொல்லிவிட்டுத் தறிக்குழியில் இறங்கி உட்கார்ந்தார். நெய்யவில்லை. நான் முற்றத்துக்கு வந்தேன். தங்கை ராட்டையின் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ண்ணா, நான் நல்லா இருந்துதுன்னு சொன்னது பச்சையை. அவரு நல்லா இருந்துதுன்னு சொன்னது நீலத்தை. அப்ப நாங்க ரெண்டு பேரும் இன்னாதான் பேசிக்கினோம்?"

துணைவிதிகளில் இதற்குப் பதில் இல்லை.

அன்று மாலைக் காட்சிக்கே எல்லோரும் கிளம்பினோம். சாயக்காரர் பச்சை நூல் கற்றை ஒன்றும் நீல நூல் கற்றை ஒன்றும் அக்குளில் வைத்துக்கொண்டு வந்தார். படத்துப் புடவைக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வதாகத் திட்டம். இருட்டில் எப்படிப் பார்ப்பீர்கள் என்று கேட்டதற்கு, "வெளிச்சம் மேல ஓடுதில்ல?" என்றார்.

மழைப் பாட்டு தொடங்கியதும் அவர் பெஞ்சின் மேல் ஏறி, இரண்டு கற்றைகளையும் ஒளிக்குள் உயர்த்திப் பிடித்தார். திரையில் கதாநாயகியின் தலைக்கு மேல் இரண்டு கரிய கற்றைகள் தொங்கின.

"யோவ் பெரியவரே! அவ தலைமேலதான் நூல் காயப்போடுவியா?"

"மழை பெய்யுதுய்யா, நூலை உள்ள எடு!"

"பெருசு, எறங்கு! எந்தக் கலரா இருந்தா உனக்கு இன்னா, நீயா கட்டிக்கப் போறே?"

அவர் இறங்கவில்லை. அந்தக் கொட்டகையில் படம் காட்டும் மெஷின் ஒன்றுதான். ஒரு ரீல் முடிந்து அடுத்ததை மாட்டும் வரை சுவரோரக் குழல் விளக்கைப் போட்டுவிடுவார்கள், திரையில் வெறும் வெள்ளை வெளிச்சம் விழும். பாட்டோடு அந்த ரீல் முடிந்தது. வெளிச்சத்தில் அவர் கற்றைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "ரெண்டுமே பச்சையா தெரியுதேபா" என்று குழம்பினார். இதைக் கேட்டு மாப்பிள்ளையின் அக்காவுக்குப் பொறுக்கவில்லை. பெண்கள் பக்கத்தில் அவளும் பெஞ்சின் மேல் ஏறி, குட்டைச் சுவருக்கு மேலாக முந்தானையை நீட்டினாள்.

"நல்லா பாருங்க பெரியவரே, இது பச்சையா? இது பச்சையா?"

அவள் முந்தானை ஒளிக்குள் போயிற்று. பக்கத்திலிருந்த ஓர் அம்மாள் சொன்னாள்:

"ஆமாம்மா. பச்சைதான்."

மாப்பிள்ளையின் அக்கா தன் முந்தானையைத் தானே பார்த்தாள். காலையிலிருந்து எல்லோரும் நீலமாகப் பார்த்த புடவை, அந்த வெளிச்சத்தில் கிளிப்பச்சையாக இருந்தது. கையைக் கீழே குழல் விளக்கின் வெளிச்சத்துக்கு இழுத்தாள், நீலம். மேலே தூக்கினாள், பச்சை. "ஐயே!" என்றாள். கொட்டகை முழுக்கச் சிரித்தது, அவளும்தான் சிரித்தாள். பக்கத்திலிருந்த பெண்கள் எல்லோரும் எழுந்து அவரவர் முந்தானையை நீட்டிப் பார்க்கத் தொடங்க, அடுத்த ரீல் ஓடத் தொடங்கியும் திரையில் ஒரே நிழலாகத் தெரிந்தது.

இடைவேளையில் நானும் சாயக்காரரும் ஆபரேட்டர் அறைக்கு ஏறினோம். சினிமா கொட்டகைகளுக்கான விதிகளின்படி அந்த அறையில் யாரும் புகைபிடிக்கக் கூடாது. கதவிலேயே எழுதியிருந்தது. ஆபரேட்டர் வாயில் பீடியோடு எங்களை வரவேற்றார். மெஷினுக்கு முன்னால், ஒளி வெளியே போகும் சிறிய கண்ணாடி நல்ல டிகாஷன் நிறத்தில் இருந்தது.

"இதைத் துடைக்கிறதே இல்லியா?" என்றேன்.

"நான் வர்றப்பவே இப்பிடித்தான் சார் இருந்துது. கண்ணாடியே இந்தக் கலருன்னு நெனச்சேன்."

சாயக்காரர் தோளிலிருந்த துண்டால் கண்ணாடியைத் தேய்த்தார். பிறகு துண்டை விளக்கின் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்து, "நல்ல காவிபா இது. பட்டுல ஏத்தினா எடுக்கும்" என்றார்.

மறுநாள் முதல் எங்கள் ஊரில் மழைப் பாட்டுப் புடவை நீலமானது. இதனால் விவகாரம் தீர்ந்தது என்று நினைத்தால், அது எங்கள் ஊரைத் தெரியாதவர்களின் கணக்கு. ஏற்கெனவே மூன்று முறை பார்த்தவர்கள் டிக்கெட் கொடுக்கும் இடத்தில் போய், படத்தை மாற்றிவிட்டதாகச் சண்டை போட்டார்கள். "பழைய காப்பியைப் போடு" என்று சத்தம். பச்சை பார்த்தவர்கள் நீலம் பார்க்கவும், நீலம் பார்த்தவர்கள் இது என்ன கலகம் என்று பார்க்கவும் வந்ததில் படம் மேலும் சில வாரம் ஓடியது. டீக்கடையில் பச்சைக் கட்சி, நீலக் கட்சி என்று பெஞ்சு பிரிந்தது. செவிலிமேட்டிலிருந்து வந்த ஒருவர் இரண்டும் இல்லை, ஊதா என்றார். அவரை யாரும் சேர்த்துக்கொள்ளவில்லை.

சாயக்காரர் அசையவில்லை. "தொடைச்சா நீலம், தொடைக்காட்டி பச்சை. அந்தப் பொண்ணு நெஜமா கட்டிக்கினு இருந்தது எது? பட்டணத்துக் கொட்டாயில எவன் கண்ணாடியைத் தொடைச்சான்னு உனக்குத் தெரியுமா? கம்பெனிக்கு எழுதிக் கேளுப்பா."

இந்த விவகாரத்தில் எவரும் சொன்னவற்றில் நடைமுறைப்படி சரியானது இது ஒன்றுதான். படக் கம்பெனிக்கு ஒப்புகைச் சீட்டோடு பதிவுத் தபால் அனுப்பினேன். பொருள், பாட்டின் இடம், புடவையின் வர்ணனை, கேட்கப்படும் விவரம், அவசரத்தின் காரணம் எல்லாம் பத்தி பிரித்து எழுதினேன். ஒப்புகைச் சீட்டு திரும்பி வந்தது. பதில் வரவில்லை. முந்தைய கடிதத்தைக் குறிப்பிட்டு நினைவூட்டல் ஒன்றும் அனுப்பினேன்.

முகூர்த்தம் என் நினைவூட்டலுக்காகக் காத்திருக்கவில்லை. அப்பா தினம் தறியில் இறங்கி உட்காருவார். பச்சையைத் தொடரவும் மனமில்லை, அறுத்தெறியவும் மனமில்லை. ஒரு மத்தியானம் அவர் சாப்பிட எழுந்தபோது, சாயக்காரர் எங்கள் வீட்டில் போட்டுவிட்டுப் போயிருந்த நீல நூல் கற்றையைத் தங்கை எடுத்தாள். ராட்டையில் ஒரு தார் சுற்றினாள். நெய்திருந்த கையகலத்தின் ஊடையை ஒவ்வொன்றாக உருவி எடுத்தாள். நீலத் தாரை, குறுக்கே நூலை இழுத்தோடும் நாடாவில் போட்டு, தறியில் இறங்கி, அந்தப் பச்சைப் பாவின் குறுக்கே தானே நெய்ய ஆரம்பித்தாள்.

சத்தம் கேட்டு அப்பா எச்சில் கையோடு வந்தார். நானும் வந்தேன். இந்தப் பக்கம் நின்று பார்த்தால் பச்சை. ஒரு அடி நகர்ந்தால் நீலம். அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"மயில்கழுத்து" என்றார் அப்பா.

அந்த நிறத்தை எங்கள் தெருவில் எத்தனையோ தலைமுறையாக நெய்கிறார்கள். அவரே எத்தனையோ முறை நெய்திருக்கிறார். ஒருத்தருக்கும் தோன்றவில்லை. "சினிமா பார்த்துப் பார்த்து மூளை மழுங்கிப் போச்சு" என்று அவர் கை கழுவப் போனார். அன்று பொழுது சாயும் வரை தறி ஓடியது.

மாப்பிள்ளை வீட்டுக்கு ஒரு மாதிரி அனுப்பிச் சம்மதம் வாங்கிவிடலாம் என்றேன்.

"வேணாம்ண்ணா. அவரே பார்க்கட்டும்."

"புடிக்கலன்னா?"

"புடிக்கலன்னா நேர்ல சொல்லட்டும். அப்பயாச்சும் ரெண்டாவது தபா பேசிக்கினதா இருக்கும்."

பங்குனியில் கல்யாணம். தட்டில் கூறைப் புடவையை வாங்கிய மாப்பிள்ளையின் அப்பா ஒரு மடிப்பைப் பிரித்துப் பார்த்து, "நீலம். சரி" என்றார். அவர் மகள் எட்டிப் பார்த்து, "பச்சை மாதிரியும் இருக்குதே!" என்றாள். "எந்தப் பக்கம் நின்னு பார்க்கறியோ அதும்மா" என்றாள் அம்மா. தங்கை உள்ளே போய்க் கட்டிக்கொண்டு வந்தாள். வாசலிலிருந்து மணை வரைக்கும் அவள் நடந்த ஒவ்வொரு அடிக்கும் அந்தப் புடவை நிறம் மாறியது. மாப்பிள்ளை மந்திரத்தை விட்டுவிட்டுப் பார்த்தார். ஐயர் ஒரு தடவை திருப்பிச் சொல்ல வேண்டியிருந்தது. அவள் உட்கார்ந்ததும் அவர் குனிந்து ஏதோ கேட்டார், அவள் ஏதோ சொன்னாள். நான் தேங்காய் தேடிக்கொண்டிருந்தேன். என்ன பேசினார்கள் என்று பிறகுதான் அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள்.

"உனக்கு எது புடிச்சுதுன்னு கேட்டாரும்மா. பச்சைன்னேன். எனக்கு நீலம், ரெண்டும் இருக்குதேன்னாரு."

பந்தியில் சாயக்காரர் என்னைக் கூப்பிட்டு, "பார்த்தியா, பச்சை" என்றார். அவர் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து அப்படித்தான் தெரிந்திருக்கும்.

ஆடிக்குத் தங்கையை வீட்டுக்கு அழைத்து வந்திருந்தோம். தபால்காரர் ஒரு தடித்த கவரைக் கொடுத்தார். படக் கம்பெனியிலிருந்து. சாயக்காரர் வந்த பிறகே பிரிக்க வேண்டும் என்று அப்பா சொன்னதால் அவரையும் வரவழைத்தேன். கவருக்குள் 'ரசிகரின் அன்புக்கு நன்றி' என்று அச்சடித்த சீட்டும், அதோடு ஒரு புகைப்படமும் இருந்தன. மழையில் கையை விரித்து நனைகிறாள், அதே புடவை, கரையின் சரிகை இழை ஒவ்வொன்றும் தெளிவாகத் தெரிகிறது. கறுப்பு வெள்ளைப் படம்.

தங்கை சிரித்த சிரிப்பில் அவளுக்குப் புரையேறிவிட்டது. சாயக்காரர் படத்தை முற்றத்து வெயிலுக்குக் கொண்டுபோய், தூக்கிப் பிடித்து, சாய்த்துப் பிடித்து, வெகுநேரம் பார்த்தார்.

"நான் சொல்லல? பச்சை."

பதில் பெறப்பட்டது என்று கவரின் மூலையில் எழுதித் தேதியைக் குறித்தேன்: ஆடி பதினெட்டு.